இன்பாக்ஸில் ஒன்றுமில்லை

மழை பிடித்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்னால் கட்டியிருந்த கொடிக்கம்பிகள் சும்மா நனைந்துகொண்டிருந்தன. துணியெல்லாம் உலர்த்தும் இயந்திரத்தைத்தான் நம்பி இருந்தது. அங்கே இருந்த இரண்டில் ஒன்று பாதி நாள் இருமும், மீதி நாள் படுத்துக்கொள்ளும். அதனால் படுக்கை விரிப்புகள் அரை ஈரத்தோடுதான் இஸ்திரி உருளைக்கு வந்தன. உருளைக்குள் நுழைந்ததும் புஸ்ஸென்று ஆவி கிளம்பி, சோப்பும் பிளீச்சும் கலந்த நெடி கூரைத் தகரம் வரைக்கும் ஏறி, அங்கிருந்து சொட்டுச் சொட்டாகத் தலையில் விழுந்தது. வெளியே ஒரு மழை, உள்ளே ஒரு மழை.

அங்கே பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவளை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தடிக்கு ஓரிரு அங்குலம் குறைவு. மடிப்பு வேலையில் அவளுக்கு ஜோடியாக வாய்த்தவள் நெட்டச்சி. பெயருக்கேற்ற உயரம். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, இரண்டாக்கி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடியும் பின்னால் நகர்ந்து, நாலாக்கி, எட்டாக்கி அடுக்கில் வைக்க வேண்டும். ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே என்பதால் விரிப்பு எப்போதும் சாய்ந்தேதான் நிற்கும். ஆனாலும் அவர்கள் மடித்த அடுக்கில் ஒரு ஓரம்கூடப் பிசகியிருக்காது. பேச்சும் அந்த நடைக்கு ஏற்ற மாதிரிதான் நடக்கும். கிட்டே வரும்போது ஒரு வார்த்தை, விலகும்போது மௌனம்.

"வந்துச்சா?" நெட்டச்சி கேட்டாள்.

"இல்ல."

விலகினார்கள். உதறினார்கள். கிட்டே வந்தார்கள்.

"எத்தனை நாளாச்சு?"

"இன்னியோட நாப்பத்தேழு."

"உங்க வீட்டுக்காரரு தினமும் பாக்குறாருல்ல?"

"டிப்போவுல இருந்து வந்ததும் பாக்குறாரு. இன்பாக்ஸ்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு, சட்டையக் கழட்டிப் போட்டுட்டுப் படுத்துக்குறாரு."

"சாப்பிடுறாரா?"

"தட்டுல போட்டது தட்டுலயே இருக்கு."

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது இஸ்திரியக்காவின் ஒரே மகளைப் பற்றி. இருபத்துநாலு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். அப்பா பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிறவர். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவர் காலடியில் ஸ்பானரையும் ஜாக்கியையும் வைத்து விளையாடியவள். அந்த விளையாட்டு படிப்பாகி, படிப்பு வேலையாகி, கடைசியில் ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறைக்கு ஆள் எடுத்தபோது அவளையும் எடுத்துவிட்டார்கள். டயர்க்காரரோ டிப்போவிலேயே அவளுக்கு ஒரு இடம் பேசி வைத்திருந்தார். ஜன்னல் ஓரத்து நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி. அவர் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டுக் கிடைக்காத நாற்காலி அது.

பேச்சு முற்றி, கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அவர் சொன்ன வார்த்தை இதுதான்: "போறதுன்னா போ. போயிட்டு எனக்கு லெட்டர் கிட்டர்னு எதுவும் போடாத." சொல்லிவிட்டு டிப்போவுக்குப் போய்விட்டார். ரயில் ஏற்றிவிட அம்மா மட்டும்தான் போனாள்.

கப்பலில் போன் எடுக்காது. ஈமெயில் மட்டும்தான். அதற்காகவே பாப்பா கிளம்புவதற்கு முந்தின வாரம், தையல் மேஜை மேல் துண்டு போட்டு மூடிக் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, வீட்டுக்கு ஒரு ஈமெயில் முகவரி உண்டாக்கி, ஒரு தாளில் வரிசையாக எழுதி ஒட்டியிருந்தாள். எந்தப் பொத்தானை அமுக்குவது, பாஸ்வேர்ட் என்ன, இன்பாக்ஸ் என்று எழுதியிருக்கும் இடத்தை எப்படிப் பார்ப்பது, கடைசியில் தன் ஈமெயில் முகவரி என்ன. "லெட்டர் வந்தா இங்க தெரியும்மா. பதில் போடுறதை நாளைக்குச் சொல்லித் தர்றேன்" என்றாள். அந்த நாளை சண்டையில் போய்விட்டது.

டயர்க்காரருக்கும் இஸ்திரியக்காவுக்கும் ஆங்கில எழுத்துகள் தெரியும். பஸ் பலகையிலும் விரிப்பின் மூலையில் குத்தும் வார்டு முத்திரையிலும் பழகியவை. எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் நிலைமை இன்னும் மோசமானது. எங்கேயோ நடுக்கடலில் ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் தீ என்று நாலைந்து நாளைக்கு முன்னால் ரேடியோவில் சொன்னதாக ஒரு டிரைவர் டிப்போவில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். எந்தக் கப்பல் என்று அவருக்கு நினைவில்லை. டயர்க்காரர் கையில் இருந்த கடப்பாரையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து கப்பல் கம்பெனிக்கு போன் போட்டார். ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் இனிமையாகப் பேசிக்கொண்டே போனது.

"என்னங்க சொல்றா?"

"ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குங்கிறா. எதுக்குன்னு புரியல."

"எதையாவது அமுக்குங்க."

அமுக்கினார். பாட்டு வந்தது. அரை மணி நேரம் பாட்டுக் கேட்டுவிட்டு வைத்தார்.

ஆஸ்பத்திரியில் இனிமேல் எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு போனது, எத்தனை வந்தது என்பதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் ஏற்ற வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. அதற்காகச் சலவைக்கூடத்துப் பெண்களுக்கு மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று மணி வரை வகுப்பு. இடம், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கூடம். காய்கறி சூப்பின் வாசனை இன்னும் போகாத பெஞ்சுகளில் ஒன்பது பெண்கள். முன்னால் ஒரு கம்ப்யூட்டர். அன்றன்றைய உணவு எழுதும் கரும்பலகைதான் பாடப் பலகை. சொல்லிக்கொடுக்க வந்தவள் ரெக்கார்டு அறைக் குமாஸ்தா. இவர்கள் வயதுதான் இருக்கும். அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள், "நானும் ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி பயந்துக்கிட்டு உக்காந்தவதான். கம்ப்யூட்டர் கஷ்டமில்ல. அது பேசுற இங்கிலீஷ்தான் கஷ்டம். அதுவும் முப்பது நாப்பது வார்த்தைதான். அதைத் தெரிஞ்சுக்கிட்டா அது உங்கள ஏமாத்த முடியாது."

அன்றைக்கு ஐந்தாவது வகுப்பு. பலகையில் ஃபோல்டர் என்று எழுதியிருந்தாள்.

"ஃபோல்டுன்னா மடிக்கிறது. அப்படின்னா ஃபோல்டர்னா?"

"நாமதான்!" என்றாள் நெட்டச்சி. "பதினஞ்சு வருஷமா ஃபோல்டரா இருந்திருக்கோம், ஒருத்தரும் சொல்லவே இல்ல பாரு."

கூடமே சிரித்தது. குமாஸ்தாவும் சிரித்துவிட்டு, அது கடிதங்களையும் கணக்குகளையும் பிரித்துப் போட்டு வைக்கும் உறை என்று விளக்கினாள். அடுத்து ஈமெயிலுக்கு வந்தாள். திரையின் இடது ஓரத்தைக் காட்டினாள். மேலிருந்து கீழாக ஒரு வரிசை. ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதி, எல்லோரையும் சத்தமாகச் சொல்லச் சொன்னாள்.

"இன்பாக்ஸ். வந்த கடிதம் இருக்கிற இடம். செண்ட். நாம அனுப்பினது. டிராஃப்ட்ஸ். எழுதி அனுப்பாம வச்சிருக்கிறது. ஸ்பேம். வேண்டாத கடிதம். ட்ராஷ். நாம தூக்கிப் போட்டது."

இஸ்திரியக்கா கையைத் தூக்கினாள். இந்த ஐந்து வகுப்பில் அவள் வாயைத் திறப்பது இதுதான் முதல் தடவை.

"டீச்சர், வேண்டாததுன்னு யாரு சொல்றது?"

"கம்ப்யூட்டரே சொல்லிடும். விளம்பரம், பரிசு விழுந்திருக்குன்னு வர்ற பொய், அந்த மாதிரியெல்லாம் அது தானாவே பிரிச்சு ஸ்பேம்ல தள்ளிடும்."

"நம்மளக் கேக்காதா?"

"கேக்காது."

"அப்ப நல்ல லெட்டரையும் தள்ளிடுமா?"

"சில நேரம் தள்ளும்க்கா. முன்ன பின்ன தெரியாத முகவரியா இருந்தா, ஒரே இடத்துல இருந்து நிறையப் பேரு அனுப்புற முகவரியா இருந்தா, சந்தேகப்பட்டுத் தள்ளிடும். அதனாலதான் நான் வாரத்துக்கு ஒரு தடவை அங்கயும் போய்ப் பாத்துடுவேன். ஏன்னா முப்பது நாள்தான் வச்சிருக்கும். அப்புறம் தானாவே அழிச்சிடும்."

இஸ்திரியக்கா எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தோம் என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. முழங்கால் பெஞ்சில் இடித்தது.

"அக்கா, என்னாச்சு?" என்றாள் குமாஸ்தா.

"எங்க வீட்ல... நாங்க இன்பாக்ஸ் மட்டும்தான் டீச்சர் பாத்தோம். நாப்பத்தேழு நாளா இன்பாக்ஸ் மட்டும்தான்."

"முகவரியும் பாஸ்வேர்டும் சொல்லுங்க, இதுலயே தொறந்து பாத்துடலாம்."

"தாளு வீட்ல இருக்கு."

நாலு மணிக்குள் ஆபரேஷன் தியேட்டருக்கு அறுபது விரிப்பு போக வேண்டும். இஸ்திரியக்கா நெட்டச்சியைப் பார்த்தாள்.

"போடி," என்றாள் நெட்டச்சி. "சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"தனியா எப்படி மடிப்ப?"

"ஒரு முனைய ஜன்னல் கம்பியில கட்டி வச்சு மடிப்பேன். அதுவாவது என் உயரத்துக்கு இருக்கும். போ!"

குமாஸ்தா ஒரு சீட்டில் இரண்டு மூன்று வார்த்தைகளை எழுதிக் கையில் திணித்தாள். கீழே தன் போன் நம்பரையும் எழுதியிருந்தாள்.

பஸ் வருவதற்குள் அவள் பாதி நனைந்துவிட்டாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணினாள். முப்பது நாள் என்றால், பாப்பா போன முதல் பதினேழு நாளில் ஏதாவது எழுதியிருந்தால் அது போயிற்று. அப்புறம் எழுதியிருந்தால் இருக்கும். எழுதியிருந்தால். அப்பா சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு எழுதாமலே இருந்திருந்தால்? அந்தத் தீ நிஜமாகவே அந்தக் கப்பலில் என்றால்? பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. ஏறுகிறவர்கள் எல்லோரும் குடையை மடக்கிவிட்டுத்தான் ஏறினார்கள்.

வீட்டைத் திறந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைப் போட்டாள். தனியாக அவள் அதைத் தொடுவது இதுதான் முதல் தடவை. அது விழித்துக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு உலை கொதித்திருக்கும். தாளைப் பார்த்துப் பார்த்து எழுத்தெழுத்தாக பாஸ்வேர்டைத் தட்டினாள். இரண்டு தடவை தவறு என்றது. மூன்றாவது தடவை திறந்தது.

இன்பாக்ஸ். ஒன்றுமில்லை.

மவுஸைக் கீழே இறக்கினாள். அம்பு அவள் நினைத்த இடத்தில் நிற்காமல் ஓடியது. வகுப்பில் சொன்ன மாதிரி மணிக்கட்டை மேஜையில் ஊன்றிக்கொண்டாள். ஸ்பேம். பக்கத்தில் ஒன்பது என்று இருந்தது. க்ளிக் செய்தாள்.

வழுக்கைக்கு மருந்து. இலவசப் பயணம். வழுக்கைக்கு மருந்து. அவளுக்கு எழுத்துக் கூட்ட மட்டுமே முடிந்த ஆங்கில வரிகள். அப்புறம் தமிழில், 'ஏன்மா பதில் இல்ல'. அதன் கீழே 'அம்மாவுக்கு மறுபடியும்'. அதன் கீழே 'அம்மாவுக்கு மறுபடியும்'. இன்னும் கொஞ்சம் கீழே இன்னொரு 'அம்மாவுக்கு'.

மொத்தம் நாலு. மேலே இருந்ததன் தேதி நேற்றைக்கு முந்தினநாள். இஸ்திரியக்கா நாற்காலியின் முதுகில் சாய்ந்தாள். அழவில்லை. பதினெட்டு வருஷமாக ஆவியில் வெந்த நெஞ்சு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டது. உயிரோடு இருக்கிறாள். நேற்றைக்கு முந்தினநாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.

பழையதிலிருந்து படித்தாள்.

'அம்மா, இது நாலாவது லெட்டர். முதல் மூணும் கெடச்சுதான்னு தெரியல. துறைமுகத்துக்கு வெளியிலயே நங்கூரம் போட்டு நிக்கிறோம். எங்களுக்கு முன்னாடி இருபது கப்பல். எஞ்சின் ரூம்ல அடுப்புக்குள்ள இருக்கிற மாதிரி சூடு. உன் இஸ்திரி உருளைகிட்ட நின்னு பழகினதால எனக்கு மட்டும் மயக்கம் வரல. சீஃப் இஞ்சினியர் கேட்டாரு எப்படின்னு. எங்கம்மா சொத்துன்னு சொன்னேன்.'

அடுத்ததில், ஒரு குழாயில் பட்டுக் கட்டை விரலில் சூடு, ஆறிவிட்டது, பயப்படாதே என்று இருந்தது. வேறு கம்பெனிக் கப்பல் ஒன்றில் தீப்பிடித்ததாம், நாங்கள் அந்தப் பக்கமே இல்லை, நீ ரேடியோ கேட்டுப் பயந்திருப்பாய் என்று அதற்கடுத்ததில் இருந்தது. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரே கேள்வி. 'அப்பா பேசினாரா?'

கடைசிக் கடிதம் சின்னது.

'ஏழு லெட்டர் போட்டுட்டேன். அப்பாதான் வேண்டாம்னாரு. நீயுமாம்மா? பதினாறாம் தேதி கரைக்குப் போறோம். ஒரு நாள்தான் நிப்போம். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இதே கப்பல்ல இருக்கிறியான்னு கேக்குறாங்க. அன்னிக்கு சாயங்காலம் கையெழுத்து வாங்குவாங்க. அதுக்குள்ள உங்ககிட்ட இருந்து ஒரு வரி வந்தா யோசிப்பேன். இல்லன்னா போட்டுடுவேன். வீடுன்னு ஒண்ணு இருந்தாத்தான திரும்பி வர்றதுக்கு.'

பதினாறு. காலையிலிருந்து சலவைச் சீட்டுகளில் அவள் எழுதிக்கொண்டிருந்த தேதி அதுதான். சுவர்க் கடிகாரத்தில் மூன்றேமுக்கால்.

ஈரத்தில் நமுத்துப்போயிருந்த சீட்டைப் பிரித்தாள். 'நாட் ஸ்பேம் – இதை அமுக்கினா இன்பாக்ஸுக்கு வந்துடும். ரிப்ளை – பதில். செண்ட் – அனுப்பு.' ஒவ்வொன்றாகச் செய்தாள். நாலு கடிதமும் இன்பாக்ஸுக்குத் தாவின. ரிப்ளையை அமுக்கியதும் ஒரு வெள்ளை இடம் திறந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுத வேண்டும். விரலைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

கீபோர்டில் சில எழுத்துகள் மட்டும் கறுத்திருந்தன. துடைத்தால் போகாத டயர்க் கறுப்பு. பாஸ்வேர்ட் அடிப்பதற்கு ஏழு எழுத்து போதும். இங்கே முக்கால்வாசி எழுத்தில் கறை படிந்திருந்தது. இவர் இதில் எதைப் போட்டு இவ்வளவு தட்டினார்?

யோசிக்க நேரமில்லை. ஒரு விரலால் தட்டினாள். 'பாப்பா உன் லெட்டர் எல்லாம் வேற இடத்துல போயி கெடந்துச்சு இப்பதான் பாத்தேன் கையெழுத்து போடாத கரைக்கு வந்ததும் போன் பண்ணு அம்மா.' பதினைந்து நிமிஷம் பிடித்தது. செண்ட். போய்விட்டது என்று ஒரு வரி வந்து மறைந்தது. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. போனதைப் பார்க்கிற இடம் ஒன்று உண்டே. திறந்தாள். அதில் ஒரே ஒரு கடிதம். இப்போது அவள் அனுப்பியது. அந்த வீட்டிலிருந்து வெளியே போன முதல் கடிதம் அதுதான்.

அதற்குப் பக்கத்து வரியில் டிராஃப்ட்ஸ். பதினொன்று.

எழுதி அனுப்பாமல் வைத்திருப்பது. வீட்டில் யார் எழுதியது? திறந்தாள்.

'பாப்பா நான் அப்பா சாப்டியா.'

அவ்வளவுதான் ஒரு கடிதம். அடுத்தது, 'பாப்பா இன்னிக்கு 14 டயர் முதுகு வலி இல்ல நீ எப்படி இருக்க.' இன்னொன்று, 'அம்மா ராத்திரி தூங்கல நீ அம்மாவுக்காவது எழுது.' இன்னொன்றில் வெறும் 'பாப்பா' மட்டும் இருந்தது. முதன்முதலாக எழுதியது, பாப்பா போன ஐந்தாவது நாள் தேதியிட்டது, இருப்பதிலேயே நீளம்.

'பாப்பா அன்னிக்கு ஸ்டேஷனுக்கு வந்தேன் டீ ஸ்டால் தாண்டி தூண் பக்கம் நின்னேன் நீ பெட்டி தூக்கிட்டு ஏறின சக்கரம் வச்ச பெட்டியா இருக்கேன்னு பாத்தேன் ஒரு சக்கரம் ஆடுச்சு சரி பண்ணி குடுத்திருக்கணும் கிட்ட வர கால் வரல அப்பா.'

இஸ்திரியக்கா இப்போதுதான் அழுதாள். அதுவும் கொஞ்ச நேரம்தான். முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு டிப்போவுக்கு போன் போட்டாள்.

"டயர் ஷெட்ல இருக்கிறவரைக் கூப்பிடுங்க. வீட்ல இருந்து பேசுறேன். நல்ல விஷயம்தான்னு முதல்ல சொல்லிடுங்க. இல்லன்னா ஓடி வர்றப்ப விழுந்து வைப்பாரு."

அவர் வந்து நின்றபோது மழைத் தண்ணீரும் கிரீஸும் கலந்து முழங்கையில் வழிந்தது. செருப்பைக்கூட விடாமல் உள்ளே வந்தார்.

"எங்க? இன்பாக்ஸ்ல வந்துச்சா?"

"நாலு லெட்டர். உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. அவள் படித்தாள். கட்டை விரல் சூட்டை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். தீப்பிடித்தது வேறு கப்பல் என்ற வரி வந்தபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். 'அப்பா பேசினாரா' என்று வந்த இடங்களில் எல்லாம் வேறு எங்கோ பார்த்தார்.

"நான் எழுதினதுக்கு ஒரு பதிலும் இல்லியா அதுல?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்ட பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது தெரிந்தது.

"நீங்க எழுதினது எதுவும் போகலங்க."

"போகலயா? ஒவ்வொரு தடவையும் மூடுறப்ப சேவ்டுன்னு வந்துச்சே. சேந்துடுச்சுன்னுல்ல நெனச்சேன்."

"சேவ்னா சேர்றது இல்ல. பத்திரமா வைக்கிறது."

"பத்திரமா எங்க வைக்கிறது?"

"இங்கயேதான். இந்த டப்பாக்குள்ளயேதான் பதினொண்ணும் இருக்கு."

டயர்க்காரர் அப்போதுதான் உட்கார்ந்தார். கறுத்த கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அந்தத் திரையையே பார்த்தார். "நான் எழுதுறேன், அவ பதில் போட மாட்டேங்குறான்னு நெனச்சேன்," என்றார். "சொன்ன சொல்லுக்கு இதுதான் கூலின்னு இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? எழுதாதன்னு கத்திட்டு நானே எழுதுறேன்னா?"

அவள் மவுஸைப் பிடித்தாள். "இப்ப அனுப்புவோம். எல்லாத்தையும்."

"எல்லாமா? அந்த ஸ்டேஷன் லெட்டரை மட்டும் விட்டுடு."

"அதுதான் முதல்ல போகுது," என்று செண்டை அமுக்கினாள்.

தாளில் இருந்த பாப்பாவின் முகவரிக்குப் பதினொன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொன்று போகும்போதும் அவர் உதட்டை அசைத்து எண்ணினார். முடிந்ததும் இருவரும் காத்திருந்தார்கள். அவள் டீ போட்டாள். அது ஆறி ஏடு கட்டியது. ஐந்து மணி ஆயிற்று. ஐந்தரை. ஜன்னலுக்கு வெளியே மழை தூறலாகி, மறுபடியும் வலுத்தது. அவர் எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போய்க் கழுவினார்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் போன் அடித்தது. தெரியாத நீள நம்பர்.

"அம்மா!"

"பாப்பா. பாப்பா. கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்லம்மா. வரிசையில நின்னுக்கிட்டு இருந்தேன். போனுக்கு சிக்னல் வந்ததும் டிங்கு டிங்குன்னு பன்னெண்டு தடவை அடிச்சுது. ஒரே நேரத்துல பன்னெண்டு லெட்டர்! பக்கத்துல நின்னவங்கல்லாம் எங்க வீட்ல ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்து எனக்குத் தண்ணி குடுக்குறாங்க." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அப்பா இருக்காராம்மா?"

இஸ்திரியக்கா போனை நீட்டினாள். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். காதில் வைத்தார்.

"அப்பா?"

"சாப்டியா?" என்றார்.

"சாப்டேன்ப்பா."

"கட்டை விரலு?"

"ஆறிடுச்சு. அப்பா... நெஜமாவே ஸ்டேஷனுக்கு வந்தீங்களா?"

"வந்தேன்."

"நான் திரும்பிப் பாத்தேம்பா. மூணு தடவை பாத்தேன். கூட்டத்துல தெரியல."

அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துத் தொண்டையைக் கனைத்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தார். "இங்க பாரு. அந்த வேலை உனக்குப் புடிச்சிருக்கா?"

"ரொம்பப் புடிச்சிருக்குப்பா."

"அப்ப ரெண்டு வருஷம் என்ன, பத்து வருஷம்கூட இரு. ஆனா கோவத்துல கையெழுத்துப் போடாத. கோவத்துல நானும் ஒண்ணு சொன்னேன், பட்டது போதும்."

"முதல்ல வீட்டுக்கு வர்றேன்ப்பா," என்றாள். "மூணு மாசத்துல ஒப்பந்தம் முடியுது. வந்து இருந்துட்டு, அப்புறம் போறேன்."

"அது சரி."

"நான் போட்ட ஏழு லெட்டரையும் படிச்சீங்களா?"

"நாலுதான் இருக்கு. முதல் மூணும் முப்பது நாள் ஆச்சுன்னு அதுவே அழிச்சிடுச்சாம்."

"மூணும் போயிடுச்சா?"

"போயிடுச்சு. இனிமே கெடைக்காதாம்."

"நல்லதாப் போச்சுப்பா," என்றாள் பாப்பா. "அந்த மூணுலயும் உங்களைத் திட்டித்தான் எழுதியிருந்தேன்."

டயர்க்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு இஸ்திரியக்கா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். அவர் காலால் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, வசதியாக உட்கார்ந்துகொண்டு, போனை மறுகாதுக்கு மாற்றினார்.

"என்னன்னு திட்டின?" என்றார். "ஒண்ணு விடாம சொல்லு."